கிரியாட்டினின் குறைந்தால் சந்தோஷப்படலாமா? டயாலிசிஸ் ரிப்போர்ட்டில் வீட்டார் கவனிக்க வேண்டிய வரிகள்!

"ஏனுங்க, இந்த மாசம் கிரியாட்டினின் எத்தனைங்க?"

டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால், பார்க்க வருகிற சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கொடுமுடியில் இருந்து ஈரோடு, கரூர் என்று வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வருகிறவர்களின் வீடுகளுக்கும் இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. போன மாதம் 9 இருந்தது, இந்த மாதம் 6 என்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. 'பத்தியம் நல்லா வேலை செய்யுது' என்று கஞ்சியும் ரசம் சாதமும் தொடர்கின்றன.

அந்த 6 உண்மையிலேயே நல்ல செய்திதானா? டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பெரும்பாலும் இல்லை. சில நேரம் அது ஆபத்தின் அறிகுறியாகவே இருக்கலாம். அதே ரிப்போர்ட்டின் கீழே, யாரும் எட்டிப் பார்க்காத வரிகளில்தான் நோயாளியின் வரப்போகும் நாள்களைப் பற்றிய தகவல்கள் இருக்கின்றன.

கிரியாட்டினின் எங்கிருந்து வருகிறது?

நம் தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவுதான் கிரியாட்டினின். ஆரோக்கியமான சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதாகப் பழுதாக, அது ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இந்த எண்ணை டாக்டர்கள் அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள்.

டயாலிசிஸ் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. இப்போது கிரியாட்டினினை வெளியேற்றுவது மெஷின். ஒவ்வொரு முறையும் மெஷினில் படுத்து எழுந்ததும் எண் குறையும். அடுத்த முறைக்குள் மறுபடி ஏறும். எவ்வளவு ஏறும் என்பது உடம்பில் எவ்வளவு தசை இருக்கிறது என்பதைப் பெருமளவு பொறுத்தது. நன்றாகச் சாப்பிட்டு, நடமாடி, உடம்பு தேறியிருப்பவருக்கு டயாலிசிஸுக்கு முந்தைய கிரியாட்டினின் அதிகமாகவே இருக்கும். மெலிந்து, தசை கரைந்துபோனவருக்குக் குறைவாக இருக்கும்.

சிறுநீர் போகும் அளவு கூடவில்லை, எடையோ இறங்கிக்கொண்டே போகிறது, கிரியாட்டினினும் மாதாமாதம் குறைகிறது என்றால், அது சிறுநீரகம் தேறியதைக் காட்டவில்லை. தசை கரைவதைக் காட்டுகிறது. டயாலிசிஸ் நோயாளிகளில் கிரியாட்டினின் குறைவாக இருப்பவர்களுக்கே உயிராபத்து அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன.

முதலில் தேட வேண்டிய வரி: அல்புமின்

1990-ல் அமெரிக்காவின் எட்மண்ட் லோரி, நான்சி லூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 12,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் வழக்கமான ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து அலசினார்கள். புதிய பரிசோதனை எதையும் அவர்கள் செய்யவில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் மாதாமாதம் எடுக்கிற அதே எண்கள்தான். யார் பிழைத்திருப்பார்கள், யாருக்கு ஆபத்து என்பதை அவற்றில் எது முன்கூட்டிச் சொல்கிறது என்று பார்த்தபோது, முன்னால் வந்து நின்றது அல்புமின்.

13,473 நோயாளிகளிடம் நடத்தி 1993-ல் வெளியான இன்னோர் ஆய்விலும் இதே முடிவுதான். அல்புமின் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. டெசிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் இருப்பவர்களைவிட, 3.5-க்கும் 4-க்கும் இடையில் இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. பல லேப் ரிப்போர்ட்டுகளில் 3.5 முதல் 5 வரை 'நார்மல்' என்று போட்டிருக்கும். ஆகவே 3.6 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எச்சரிக்கைக் குறியும் இருக்காது. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த 3.6 யோசிக்க வேண்டிய எண்.

அல்புமின் என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் உள்ள நீர், நாளத்தை விட்டுக் கசிந்து வெளியே போகாமல் பிடித்து வைப்பது இதன் முக்கிய வேலை. இது குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. புரதம் போதாத சாப்பாடு ஒன்று. உடம்பில் எங்காவது ஒளிந்திருக்கும் தொற்று அல்லது அழற்சி இன்னொன்று. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் சிறுநீரிலேயே புரதம் போய்க்கொண்டிருக்கும். உடம்பில் தண்ணீர் தேங்கினாலும் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறைவாகக் காட்டும். எது காரணம் என்பதை டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் 'ஏன் குறையுது?' என்ற கேள்வியை வீட்டார் எழுப்பலாம்.

நேற்றைய பத்தியம் இன்றைக்கு ஆகாது

கொங்கு நாட்டு வீடுகளில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் முதலில் நிறுத்தப்படுவது கறியும் முட்டையும் பருப்பும்தான். சிறுநீரக நோயில் அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு, பழுதான சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அந்த அறிவுரை மனதில் பதிந்துவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அதையே பிடித்துக்கொள்வதில்தான் சிக்கல்.

அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலைப் பாருங்கள். டயாலிசிஸ் தொடங்காத, நோய் முற்றிய நிலையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.55 முதல் 0.8 கிராம் வரை புரதம். டயாலிசிஸில் இருப்பவருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால், முன்பு 33 முதல் 48 கிராம் வரை. இப்போது 60 முதல் 72 கிராம் வரை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மெஷின் கழிவை மட்டும் எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புரதத்தின் மூலக்கூறுகளான அமினோ அமிலங்களும் சில கிராம் வெளியே போய்விடுகின்றன. வயிற்றில் திரவம் ஏற்றி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தினமும் அந்தத் திரவத்தோடு புரதம் போகிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றைப் பயன்படுத்துபவர்களும் சாப்பாட்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

ஆக, 'பாவம், உடம்பு சரியில்லாத மனுஷன்' என்று அன்போடு கொடுக்கும் அரிசிக் கஞ்சியே அவரை மெலிய வைத்துவிடலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வெள்ளைக்கருவில் மட்டும் சுமார் 3.5 கிராம், அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு என்பதால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊர் அரிசியும்பருப்பும் சாதம், மீன், கோழி, பனீர் எல்லாம் யாருக்கு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் பட்டியல் நம் வீட்டுக்குப் பொருந்தாது.

சி.ஆர்.பி: எங்கோ புகைகிறது

நன்றாகச் சாப்பிட்டும் அல்புமின் ஏறவில்லையா? அப்போது டாக்டர்கள் தேடும் வரி சி.ஆர்.பி. உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அதே நேரத்தில் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். அழற்சி தொடர்ந்தால் பசி மந்தமாகும், தசை கரையும், இதய ரத்தக்குழாய்களும் கெடும். புரதச் சத்துக் குறைவு, அழற்சி, ரத்தக்குழாய் அடைப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் இந்தச் சுழலை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியிலேயே சுட்டிக்காட்டினார்கள்.

சி.ஆர்.பி எண் தீயைக் காட்டாது, புகையைத்தான் காட்டும். தீ எங்கே என்று தேட வேண்டும். கழுத்தில் போட்ட குழாய், கால் புண், சொத்தைப் பல், நெஞ்சுச் சளி எதுவாகவும் இருக்கலாம். கழுத்துக் குழாயோடு மாதக்கணக்கில் இருப்பவர்களுக்குத் தொற்று வாய்ப்பு அதிகம். கையில் நாளத்தை இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாவுக்கு அந்த ஆபத்து குறைவு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதுவும் டயாலிசிஸ் நடக்கும்போது வந்தால், அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பொட்டாசியம்: அவசரமான எண்

அல்புமின் வரப்போகும் மாதங்களைப் பற்றிச் சொல்கிறது என்றால், பொட்டாசியம் இன்றைய இரவைப் பற்றிச் சொல்கிறது. இது ரத்தத்தில் மிக அதிகமானால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுவிடலாம். சிலருக்குக் கை கால் துவண்டுபோகும், படபடப்பு வரும். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

காவிரிக்கரை ஊர்களில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் அர்த்தம் இருக்கிறது. தென்னையும் வாழையும் தோட்டத்திலேயே இருக்கின்றன. உடம்புச் சூட்டுக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது இங்கே சாதாரண விஷயம். ஒரு டம்ளர் இளநீரில் 400 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கலாம். ஆரோக்கியமானவருக்கு அது மருந்து. சிறுநீர் சரியாகப் போகாதவருக்கு ஆபத்து. கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' வகைகளிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று டயாலிசிஸ் நோயாளிக்கு அதை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது.

இடைவெளியும் முக்கியம். அமெரிக்காவில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்ட 32,065 பேரின் தகவல்களை அலசிய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. வார இறுதியில் வரும் நீண்ட இடைவெளி முடிந்த மறுநாளில் மரணங்கள் அதிகமாக இருந்தன. 100 பேருக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் மற்ற நாள்களில் 18. அந்த நாளில் 22.1. ஒரே ஒரு நாள் கூடுதல் இடைவெளிக்கே இந்த நிலைமை. ஆடிப்பெருக்குக்கு வீடு நிறைய விருந்தாளிகள், சொந்தத்தில் கல்யாணம் என்று ஒரு முறையைத் தள்ளிப்போட்டால் இடைவெளி எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பாருங்கள். விசேஷம் வருகிறது என்றால், டயாலிசிஸ் நாளை முன்கூட்டியே மாற்றித் தரும்படி யூனிட்டில் கேட்கலாம். விட்டுவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்தாலோ, சாம்பிள் லேபுக்குப் போய்ச் சேர நேரமானாலோ பொட்டாசியம் பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். அதற்காக 'லேப்காரன் தப்பு' என்று வீட்டாரே முடிவு செய்துவிடக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, தேவையானால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாஸ்பரஸ்: மெல்லப் படியும் சுண்ணாம்பு

6,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 1998-ல் வெளியான ஆய்வில், பாஸ்பரஸ் 6.5-க்கு மேல் இருந்தவர்களுக்கு மரண ஆபத்து 27 சதவிகிதம் அதிகமாக இருந்தது. கூடுதல் பாஸ்பரஸ் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு போலப் படியும். தாங்க முடியாத அரிப்பும் இதனால் வரலாம்.

கலர் பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உடம்பில் சுலபமாகக் கலந்துவிடும். முட்டையையும் பருப்பையும் நிறுத்துவதற்கு முன்னால் நிறுத்த வேண்டியவை இவைதான். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால்தான் பலன். அவை சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்து வைப்பவை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கினால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

மெஷின் சரியாகச் சுத்தம் செய்ததா?

டயாலிசிஸுக்கு முன்பும் பின்பும் யூரியா எடுத்து, எத்தனை சதவிகிதம் குறைந்தது என்று பார்ப்பதுதான் யு.ஆர்.ஆர். வாரம் மூன்று முறை செய்பவர்களுக்குக் குறைந்தது 65 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. யூரியா 120-ல் இருந்து 40-க்கு இறங்கினால் சுமார் 67 சதவிகிதம், பரவாயில்லை. 60-க்குத்தான் இறங்கியது என்றால் 50 சதவிகிதம், போதாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அரை மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்ளும் பழக்கம் இந்த எண்ணில் தெரிந்துவிடும்.

எண்ணைத் துரத்தக் கூடாது

எண் குறைந்தால் ஆபத்து என்றால், ஊசி போட்டு எண்ணை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படி முயன்று பார்த்த கதை ஒன்று இருக்கிறது.

ஹீமோகுளோபின் குறைந்த நோயாளிகள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது தெரிந்ததும், ஆரோக்கியமானவர்களைப் போல முழு அளவுக்கு ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள். இதய நோயும் இருந்த 1,233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வு 1998-ல் வெளியானது. பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. முழு அளவுக்கு ஏற்றப்பட்டவர்களிடையே மரணமும் மாரடைப்பும் கூடுதலாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இன்றைக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுபவர்களுக்குப் பொதுவாக ஹீமோகுளோபினை 11.5-க்கு மேல் கொண்டுபோவதில்லை. 'எல்லாருக்கும் 14 இருக்குதே, இவருக்கு மட்டும் ஏன் 11-ல நிறுத்தறீங்க?' என்று கேட்கும் வீட்டாருக்கான பதில் இதுதான்.

கொலஸ்ட்ராலிலும் இதே பாடம். ஜெர்மனியில் 1,255 பேரிடம் நடத்தி 2005-லும், பல நாடுகளில் 2,776 பேரிடம் நடத்தி 2009-லும் வெளியான ஆய்வுகளில், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கொடுக்கப்பட்ட கொலஸ்ட்ரால் மாத்திரை எண்ணை நன்றாகக் குறைத்தது. ஆனால் மாரடைப்பும் மரணமும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அந்த முடிவு டாக்டருடையது.

அல்புமினும் இப்படித்தான். அது ஓர் அலாரம் மணி. சாப்பாடு, தொற்று, தேங்கிய நீர் என்று காரணத்தைச் சரிசெய்யாமல் அல்புமின் பாட்டில் ஏற்றி எண்ணை உயர்த்தினால், மணியின் சத்தம் மட்டும்தான் அடங்கும்.

புதிய, விலை உயர்ந்த பரிசோதனைகள் தேவையா?

இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின், இதயத்தின் சுமையைக் காட்டும் பி.என்.பி, எலும்பில் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்-23 ஆகியவையும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ட்ரோபோனின் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு மாரடைப்பு இல்லாத நாளிலும் இது கூடுதலாகவே இருக்கும். நெஞ்சு வலியோடு போனால், சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். அதனால் 'எப்பவும் இப்படித்தான் இருக்கும்' என்று நெஞ்சு வலியை அலட்சியம் செய்யக் கூடாது.

மற்றபடி, பணம் கட்டி ஒரு பேக்கேஜ் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இதோட ரிசல்ட் வந்தா வைத்தியத்துல என்னங்க மாறும்?" பதில் 'ஒன்றும் மாறாது' என்றால், அந்தப் பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் செலவழிக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்க்கப்பட்டிருந்தாலும், பஸ் செலவும், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலியும் குடும்பத்தின் கையிலிருந்துதான் போகின்றன.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்

தனித்த எண்ணைவிட, எண் போகும் திசைதான் முக்கியம். அல்புமின் 3.7 என்பது ஒருவருக்கு ஏற்றமாக இருக்கலாம். இன்னொருவருக்கு மூன்று மாதச் சரிவின் முடிவாக இருக்கலாம். ஒரு நோட்டில் மாதாமாதம் தேதி, டயாலிசிஸ் முடிந்த பிறகான எடை, அல்புமின், ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ், யு.ஆர்.ஆர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். யூரியா தவிர மற்ற பரிசோதனைகளுக்கு, டயாலிசிஸ் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்தால்தான் மாதத்துக்கு மாதம் ஒப்பிட முடியும். முடிந்தவரை ஒரே லேபில் எடுப்பது நல்லது. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே கொடுக்கலாம்.

டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் காட்டி இவற்றைக் கேளுங்கள்:

1. அல்புமின் போன மூன்று மாதத்தில் ஏறுகிறதா, இறங்குகிறதா? இறங்கினால் காரணம் சாப்பாடா, தொற்றா, தேங்கிய நீரா?

2. இவருடைய எடைக்குத் தினமும் எத்தனை கிராம் புரதம் வேண்டும்? அதை எந்தெந்த உணவில் கொடுக்கலாம்?

3. பொட்டாசியம் எவ்வளவு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?

4. யு.ஆர்.ஆர் போதவில்லை என்றால் நேரத்தைக் கூட்ட வேண்டுமா, ஃபிஸ்டுலாவைப் பார்க்க வேண்டுமா?

5. கழுத்துக் குழாயை எப்போது எடுக்கலாம்?

இந்த எண்கள் எதுவும் ஒருவருடைய ஆயுளைக் கணித்துச் சொல்லும் ஜாதகம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்த போக்குகள் இவை. அல்புமின் குறைந்த எல்லோருக்கும் கெட்டது நடப்பதில்லை. சரிசெய்ய இன்னும் நேரமிருக்கும்போதே தகவல் வந்துவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள நன்மை. அடுத்த முறை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கிரியாட்டினினைத் தாண்டிக் கீழே இறங்கி, அல்புமின் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு, இன்றைக்கு அவர் தட்டில் என்ன இருந்தது என்று யோசியுங்கள்.